ஆயிரத்துக்கு 301: ஒரு மட்டையாளரும் அவருடைய லீக்கின் சராசரியும்

(புள்ளியியல் துறையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புள்ளியியலில் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அந்தத் துறையைச் சேராதவருக்கும் விளங்கும்படி தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவுக்கு வகுக்கப்பட்ட நெறி. நான் எடுத்துக்கொண்ட கருத்து சிறியது. ஒருவருடைய எண்ணை அவர் இருந்த கூட்டத்தின் சராசரிக்கு அருகில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது அந்தச் சராசரியையும் விசாரிக்க வேண்டும்: யாரைச் சேர்த்து, யாரை விட்டு, எதை எண்ணி அது எடுக்கப்பட்டது? இந்த இரண்டு படிகளையும் காட்ட அமெரிக்க பேஸ்பாலைத் தேர்ந்தெடுத்தேன்.

கிரிக்கெட்டோடு வளர்ந்த நமக்கு பேஸ்பால் எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்தெறியும் ஒரு பிட்சரும் ஒரு மட்டையாளரும் தனித்தனியாக மோதுகிறார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு முடிவு உண்டு. அந்த முடிவு ஏட்டில் ஏறுகிறது. நேஷனல் லீக் 1876இல் தொடங்கியது. அமெரிக்கன் லீக் 1901 முதல் அதற்குச் சமமான பெரிய லீக்காக ஆடிவருகிறது. ஒன்றரை நூற்றாண்டுக் கணக்கு இவ்வளவு ஒழுங்காகக் கிடைக்கும் மனிதச் செயல்கள் அதிகம் இல்லை.

1. சராசரி எப்படிப் பிறந்தது

இந்தக் கணக்குமுறைக்குப் பெரிதும் உருக்கொடுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்று, கிரிக்கெட் செய்தியாளராகப் பத்திரிகைத் தொழிலில் இறங்கியவர். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தின் பழக்கத்தை பேஸ்பாலுக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

ஆனால் இரண்டு ஆட்டங்களின் சராசரிகளும் வேறு வேறானவை. கிரிக்கெட்டில் எடுத்த ரன்களை, ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். பேஸ்பாலில் மட்டையாளர் அடித்த ஹிட்களை, அவர் ஆடிய அட்-பேட்களால், அதாவது மட்டை பிடித்த முறைகளால், வகுக்கிறார்கள். பந்தை அடித்து, ஃபீல்டர்களின் பிழையில்லாமல் குறைந்தது முதல் பேஸையாவது (களத்தில் ஓடிச் சேர வேண்டிய தளம்) எட்டினால் அது ஒரு ஹிட். விடை எப்போதும் ஒன்றுக்குள் அடங்கும் பின்னம். மூன்று தசம இடங்களுக்கு எழுதி, ஆயிரத்துக்கு இத்தனை என்பதுபோல் வாசிப்பார்கள். பத்தில் மூன்று, அதாவது 0.300, நல்ல மட்டையாளருக்கான எல்லைக்கோடு.

இதில் ஒரு விடுபாடு இருக்கிறது. பிட்சர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டால் மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். இதற்கு வாக் என்று பெயர். இதை பிட்சரின் பிழையாகப் பார்த்தார் சாட்விக். மட்டையாளரின் திறமையில் சேர்க்கவில்லை. 1887இல் ஒரே ஓர் ஆண்டு மட்டும் வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் கண்டபடி வீங்கின. அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். இன்றுவரை பேட்டிங் சராசரிக்குள் வாக் இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. நம் மட்டையாளர்

கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 1939இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் பிறந்தவர். போலந்து வம்சாவளிக் குடும்பம். தந்தை உருளைக்கிழங்கு விவசாயி. ரசிகர்களுக்கு அவர் வெறும் யாஸ். 1961 முதல் 1983 வரை 23 பருவங்கள், 3,308 ஆட்டங்கள், எல்லாமே பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற ஒரே அணிக்கு. டெட் வில்லியம்ஸ் என்ற மாபெரும் மட்டையாளர் 1960இல் ஓய்வுபெற, அவர் விட்டுப்போன இடப்பக்க ஆடுகளத்தில் அடுத்த ஆண்டு வந்து நின்றவர் இந்த 21 வயது இளைஞர்.

11,988 அட்-பேட்களில் 3,419 ஹிட். வகுத்தால் 0.285. ஹோம் ரன் (ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றிவருவது) 452. அமெரிக்கன் லீக்கில் மட்டும் ஆடி 3,000 ஹிட்டையும் 400 ஹோம் ரன்னையும் தாண்டிய முதல் ஆட்டக்காரர். 1989இல், தகுதி பெற்ற முதல் தேர்விலேயே, புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது.

ஆனால் அந்த 0.285ஐ மட்டும் பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். டெட் வில்லியம்ஸின் வாழ்நாள் சராசரி 0.344. 0.300க்குக்கூட எட்டாத ஒருவருக்கு ஏன் இத்தனை கொண்டாட்டம்?

3. 1968

அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்ற சராசரி 0.301. அடித்தவர் யஸ்ட்ரெம்ஸ்கி. பெரிய லீக்குகளின் வரலாற்றில் இவ்வளவு குறைந்த சராசரியோடு யாரும் பட்டம் வாங்கியதில்லை. அந்தக் காலத்தில் கேலியும் இருந்தது.

இப்போது பக்கத்து எண்ணைப் பாருங்கள். லீக் முழுவதன் சராசரி 0.230, அந்த லீக்கின் வரலாற்றிலேயே அதுதான் அடிமட்டம். இரண்டாமிடம் வந்த டேனி கேட்டரின் சராசரி 0.290. தகுதி பெற்ற மட்டையாளர்களில் 0.300ஐத் தாண்டியவர் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவரே. டெட்ராய்ட் அணியின் டென்னி மெக்லெய்ன் என்ற ஒரே பிட்சர் அந்தப் பருவத்தில் 31 ஆட்டங்களை வென்றார்.

மட்டையாளர்கள் அத்தனை பேரும் ஒரே ஆண்டில் திறமையிழந்துவிட மாட்டார்கள். காரணம் ஆட்டத்தின் அமைப்பில் இருந்தது. 1963இல் ஸ்ட்ரைக் எல்லையை, அதாவது பிட்சருக்குச் சாதகமாக எண்ணப்படும் பந்தின் எல்லையை, பெரிதாக்கினார்கள். தோள்பட்டையின் மேல்முனையிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை வரும் பந்தெல்லாம் ஸ்ட்ரைக். பிட்சர் நின்று எறியும் மேடு 15 அங்குல உயரம். உயரத்திலிருந்து வரும் பந்து, பெரிய எல்லை, இரவு விளக்கில் ஆட்டங்கள்: எல்லாம் பிட்சர் பக்கம். 1968 முடிந்ததும் நிர்வாகிகள் விழித்துக்கொண்டு மேட்டை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். அடுத்த ஆண்டே லீக் சராசரி 0.246க்கு ஏறியது.

யஸ்ட்ரெம்ஸ்கியின் தந்தைக்கு இது புரிந்திருக்கும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்கும் எந்த விவசாயியும் அந்த ஆண்டு மழை எப்படி என்று கேட்காமல் இருப்பதில்லை. அண்டை வயலெல்லாம் காய்ந்த ஆண்டில் கண்ட விளைச்சலை, ஏரி நிரம்பிய ஆண்டின் விளைச்சலோடு மூட்டைக்கு மூட்டை ஒப்பிட மாட்டார்.

4. ஏரி நிரம்பிய ஆண்டு

1930இல் நேஷனல் லீக்கில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பில் டெர்ரி 254 ஹிட் அடித்து 0.401 எடுத்தார். நேஷனல் லீக்கில் அதற்குப் பிறகு ஒரு முழுப் பருவத்தில் யாரும் 0.400ஐத் தொடவில்லை. டெர்ரியின் எண் யஸ்ட்ரெம்ஸ்கியின் 0.301ஐவிடச் சரியாக நூறு புள்ளி அதிகம்.

ஆனால் அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் சராசரியே 0.303. லீக்கின் சாதாரண மட்டையாளர், 1968இன் பட்டம் வென்றவரை முந்தியிருக்கிறார்! பிலடெல்பியா ஃபிலீஸ் அணி மொத்தமாக 0.315 அடித்துவிட்டு, 102 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடம் பிடித்தது. அவர்கள் அடித்ததைவிட அவர்களுடைய பிட்சர்கள் வாங்கிய அடி அதிகம். துள்ளும் பந்துதான் காரணம் என்று பலரும் சொன்னார்கள். 1931இல் பந்தின் தோலையும் தையலையும் மாற்றினார்கள்; லீக் சராசரி 0.277க்கு இறங்கியது.

இப்போது வகுத்துப் பார்ப்போம். டெர்ரி: 401ஐ 303ஆல் வகுத்தால் 1.32. யஸ்ட்ரெம்ஸ்கி: 301ஐ 230ஆல் வகுத்தால் 1.31. நூறு புள்ளி வித்தியாசம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தம் காலத்துச் சாதாரண மட்டையாளரைவிட இருவரும் ஏறத்தாழ ஒரே அளவு மேலே நின்றார்கள்.

5. இரண்டு 301

வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டது போதும். ஒரே ஆளை அவரோடே ஒப்பிடுவோம். 1974இல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி மறுபடியும் 0.301. 1968இல் 539 அட்-பேட்களில் 162 ஹிட். 1974இல் 515இல் 155. மூன்று தசம இடங்களுக்கு இரண்டும் ஒன்றே.

ஆனால் 1974இல் லீக் சராசரி 0.258. பட்டம் ராட் கேருவுக்கு, 0.364 என்ற சராசரிக்கு. யஸ்ட்ரெம்ஸ்கியின் விகிதம் 1.31இலிருந்து 1.17க்கு இறங்கிவிட்டது. எண் அதே, மதிப்பு வேறு.

இங்கே நல்ல மாணவர் ஒருவர் கையை உயர்த்த வேண்டும். 0.230 உயர்ந்து 0.258 ஆனதற்கு மேடு மட்டுமா காரணம்? இல்லை. 1973இல் அமெரிக்கன் லீக் ஒரு புதிய விதி கொண்டுவந்தது: பிட்சருக்குப் பதிலாக மட்டையாட்டத்துக்கென்றே ஒருவரை இறக்கலாம். அதுவரை பிட்சர்களும் மட்டை பிடித்தார்கள். பெரும்பாலோர் படுமோசமாக ஆடினார்கள். 1972இல் 0.239ஆக இருந்த சராசரி 1973இல் 0.259 ஆனதில், கணக்கிலிருந்து பிட்சர்கள் வெளியேறியதற்கும் பங்கு உண்டு.

ஆக 1968இன் சராசரியும் 1974இன் சராசரியும் ஒரே வகைக் கூட்டத்தினுடையவை இல்லை. இரண்டு 301களுக்கும் இடையிலான வித்தியாசம் உண்மை. ஆனால் விகிதம் காட்டும் அளவுக்குப் பெரிதில்லை. 1930க்கும் 1968க்கும் இந்தச் சிக்கல் கிடையாது. இரண்டு ஆண்டுகளிலும் பிட்சர்கள் மட்டை பிடித்தார்கள்.

6. சராசரி எண்ணாமல் விட்டவை

சாட்விக் ஒதுக்கிய வாக்குக்கு வருவோம். 1968இல் யஸ்ட்ரெம்ஸ்கி 119 முறை வாக் பெற்றார். லீக்கில் அதுவே அதிகம். அடிக்கத் தகாத பந்தை விட்டுவிடும் பொறுமையும் ஒரு திறமைதான். அதைச் சேர்த்து, ஒருவர் எத்தனை முறை பேஸை எட்டினார் என்று பார்ப்பது ஒரு விகிதம். 1968இல் அவருக்கு 0.426, லீக்குக்கு 0.297. ஒவ்வோர் அட்-பேட்டிலும் சராசரியாக எத்தனை பேஸ் கடந்தார் என்பது இன்னொரு விகிதம். ஹோம் ரன்னுக்கு நான்கு, சாதாரண ஹிட்டுக்கு ஒன்று. அவருக்கு 0.495, லீக்குக்கு 0.339.

இவ்விரண்டையும் இணைத்து ஓர் அளவுகோல் உண்டு. அதைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் பீட் பாமர். ஜான் தோர்னுடன் சேர்ந்து 1984இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. ஒவ்வொரு விகிதத்தையும் லீக்கின் விகிதத்தால் வகுத்து, கூட்டி, ஒன்றைக் கழித்து, நூறால் பெருக்க வேண்டும். லீக்கின் சாதாரண மட்டையாளருக்கு 100 வரும். யஸ்ட்ரெம்ஸ்கிக்கு 189. டெர்ரியின் 1930க்கு இதே கணக்கு போட்டால் 164. சராசரியில் நூறு புள்ளி பின்தங்கியவர் இங்கே முந்திவிடுகிறார்.

189ஐயும் அப்படியே நம்பக் கூடாது. பிட்சர்களின் மட்டையாட்டத்தை லீக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். பிறகு ஆடுகளத்தையும் பார்க்க வேண்டும். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கம் 37 அடி உயரச் சுவர் ஒன்று, கிரீன் மான்ஸ்டர் என்று பெயர், வெகு அருகில் நிற்கிறது. மற்ற மைதானங்களில் பிடிபடும் பந்து அங்கே சுவரில் மோதி ஹிட் ஆகும். யஸ்ட்ரெம்ஸ்கியின் வாழ்நாள் சராசரி சொந்த மைதானத்தில் 0.306, வெளியூரில் 0.264. இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு 1968க்கு 170ஐ ஒட்டிய எண் நிற்கிறது. டெர்ரியின் 1930 சுமார் 160க்கு வருகிறது. இடைவெளி குறைந்தது, வரிசை மாறவில்லை.

7. பரவல்

இதுவரை சராசரியை மட்டும் பார்த்தோம். கூட்டம் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் ஹார்வர்டின் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். 1941இல் டெட் வில்லியம்ஸ் 0.406 அடித்தார்; அதன் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் 0.400 என்பதே இல்லாமல் போனது ஏன் என்று அவர் கேட்டார். பழைய வீரர்கள் பெரியவர்கள், புதியவர்கள் சிறியவர்கள் என்பது பொதுவான புலம்பல். கூல்ட் அதைத் திருப்பிப்போட்டார். சராசரி நீண்ட காலமாக 0.260ஐ ஒட்டியே நின்றது, குறைந்தது பரவல். ஆட்டத்தின் தரம் மொத்தமாக உயர்ந்ததால் மிக மோசமானவர்களும் காணாமல் போனார்கள், எல்லோரையும் விட்டுவிலகி உயரத்தில் நின்றவர்களும் காணாமல் போனார்கள் என்றார்.

புள்ளியியல் பாடநூல்களில் இடம்பெற்ற கணக்கு ஒன்று உண்டு. 1911இல் டை காப் 0.420, 1941இல் வில்லியம்ஸ் 0.406, 1980இல் ஜார்ஜ் பிரெட் 0.390. 1910களின் சராசரி 0.266, பரவலை அளக்கும் திட்டவிலக்கம் 0.0371. 1940களுக்கு 0.267, 0.0326. 1970களுக்கு 0.261, 0.0317. ஒவ்வொருவரும் சராசரிக்கு மேல் எத்தனை திட்டவிலக்கம் என்று பார்த்தால் காப் 4.15, வில்லியம்ஸ் 4.26, பிரெட் 4.07. எழுபது ஆண்டுகளில் சிதறிய மூன்று சாதனைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. நேர் எண்ணில் முதலிடத்தில் இருந்த காப், இங்கே வில்லியம்ஸுக்குப் பின்னால் போகிறார்.

8. லீக்கில் யார் இருந்தார்கள்

இதுவரை சொன்ன திருத்தங்களை ஒரு நல்ல நிரல் செய்துவிடும். இனிச் சொல்வதை எந்த நிரலும் தானாகச் செய்யாது.

டெர்ரி ஆடிய 1930இன் லீக்கில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. காப்பின் காலத்திலும் இல்லை, வில்லியம்ஸின் 1941இலும் இல்லை. சேர்த்துக்கொள்ளவில்லை. ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணிக்கு இறங்கியபோதுதான் அந்தத் தடை உடைந்தது. யஸ்ட்ரெம்ஸ்கியின் பாஸ்டன் அணியோ கடைசியாகக் கதவு திறந்த அணி. 1959இல்தான் அதன் முதல் கறுப்பின ஆட்டக்காரர் பம்ப்சி கிரீன் களமிறங்கினார்.

நாட்டின் தலைசிறந்த பிட்சர்களில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த சராசரிதான் 1930இன் 0.303. அதைவிட 1.32 மடங்கு என்பதும், பொறுக்கியெடுத்த ஒரு பகுதிக் கூட்டத்தைவிட 1.32 மடங்கு என்பதும் ஒன்றே. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று நீக்ரோ லீக்குகளை நடத்தினார்கள். 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளைப் பெரிய லீக்குகளாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2024 மே மாதம் அவற்றின் எண்கள் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்ந்தன. அன்று, வாழ்நாள் சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப்பின் 0.367ஐத் தாண்டி, ஜாஷ் கிப்சனின் 0.372 மேலே ஏறியது. கிப்சன் 1947 ஜனவரியில் இறந்தார். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு.

1968இன் லீக்கில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் அந்தச் சராசரியும் தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. 1961இல் லீக் எட்டு அணியிலிருந்து பத்தாக விரிந்தது. இடம் கூடினால் பெரிய லீக்கில் இடம் கிடைக்காதிருந்த பிட்சர்களும் உள்ளே வருவார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தும்.

9. 23 ஆண்டுகளின் கணக்கு

இனி அந்த 0.285க்குத் திரும்புவோம். அவர் ஆடிய 23 ஆண்டுகளில் லீக்கின் சராசரி 0.230க்கும் 0.270க்கும் இடையில் ஊசலாடியது. மொத்தமாகப் பார்த்தால் 0.250ஐச் சற்றே தாண்டும். அதன் மேல் 0.285 என்பது பதின்மூன்று சதவீதம் அதிகம். வாக்கையும் ஹோம் ரன்னையும் சேர்த்து, மைதானத்தைச் சரிசெய்த அளவுகோலில் அவருடைய வாழ்நாள் எண் 130. டெர்ரியின் வாழ்நாள் சராசரி 0.341, அதே அளவுகோலில் 136. சராசரியில் 56 புள்ளியாகத் தெரிந்த தூரம் ஆறாகிவிட்டது. டெர்ரி ஆடியது 1,721 ஆட்டங்கள்; யஸ்ட்ரெம்ஸ்கி ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அவருடைய உச்சம் 1967. 0.326 சராசரி, 44 ஹோம் ரன், 121 ஆர்பிஐ (அவருடைய மட்டையாட்டத்தால் அணிக்குக் கிடைத்த ரன்கள்). ஹோம் ரன்னில் ஹார்மன் கில்லப்ரூவுடன் சமநிலை, மற்ற இரண்டிலும் தனி முதலிடம். இந்த மும்மகுடத்தை அடுத்து ஒருவர் சூட 2012 வரை 45 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 1967இலும் லீக் சராசரி 0.236தான்.

கடைசி ஆண்டுகள் வேறு. 1979இல் அவருடைய சராசரி 0.270, லீக்கும் 0.270. கடைசிப் பருவமான 1983இல் அவர் 0.266, லீக்கும் 0.266. வெறும் சராசரி ஆட்டக்காரர் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். லீக்கின் சராசரி என்பது தெருவில் போகும் மனிதரின் சராசரி ஆகாது. ஆயிரக்கணக்கானோரை வடிகட்டி எஞ்சியவர்களின் சராசரி. அதற்குக் கீழே நெடுநாள் இருப்பவரை அணி வைத்துக்கொள்ளாது. 44 வயதில் அந்தக் கோட்டின் மேல் நிற்பது, தம்மைவிடப் பதினைந்து, இருபது வயது இளையவர்களுக்குச் சமமாக நிற்பது.

10. முடிவாக

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 1968இன் 0.301, பட்டம் வென்றவற்றுள் மிகக் குறைந்த சராசரி. ஆனால் தரத்தில் அது 1930இன் 0.401க்குக் குறைந்ததில்லை, வாக்கையும் பேஸ்களையும் சேர்த்து எண்ணினால் அதற்கு மேல். 0.285 என்ற வாழ்நாள் சராசரியும் அவ்வாறே, தன் காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண்.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடுவீர்கள். பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தை, மாவட்டங்களின் வருமானத்தை ஒப்பிடுவீர்கள். அங்கேயும் யாரோ ஒருவர் ஒற்றை எண்ணை நீட்டி முதலிடம், கடைசி இடம் என்று சொல்வார். அவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இதன் பக்கத்தில் வைக்க வேண்டிய சராசரி என்ன? அந்தச் சராசரியைச் சுற்றிப் பரவல் எவ்வளவு? எதை எண்ணாமல் விட்டீர்கள்? யாரைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தினீர்கள்? முதல் மூன்றுக்கும் கணக்கிலேயே விடை கிடைக்கும். நான்காவதற்கு வரலாறு படிக்க வேண்டும். அதையும் படியுங்கள்.